பந்தில் பட்ட கை: உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயம்

அர்ஜென்டினாவின் மரடோனா கையால் போட்ட கோலைப் பற்றிக் கேட்டால் கால்பந்தே பார்க்காதவர்கள்கூட ஏதாவது சொல்வார்கள். அதே மரடோனா அடுத்த உலகக் கோப்பையில் கையால் தடுத்த கோலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் ராத்திரி கண்விழித்து எல்லா ஆட்டத்தையும் பார்க்கிற ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

1990 ஜூன் 13, நேப்பிள்ஸ் நகரம். அர்ஜென்டினாவும் சோவியத் யூனியனும் மோதிய ஆட்டம். முதல் ஆட்டத்தில் கேமரூனிடம் 1-0 என்று தோற்றிருந்த நடப்புச் சாம்பியன்களுக்கு, இதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலை. இன்னும் யாரும் கோல் போடாத நேரத்தில் குஸ்னெட்சோவ் தலையால் முட்டிய பந்து கோலை நோக்கிப் போனது. கோட்டருகே நின்றிருந்த மரடோனா கையை நீட்டித் தட்டிவிட்டார். ஸ்வீடன் நடுவர் ஃப்ரெட்ரிக்சன் பக்கத்தில்தான் நின்றார்; பெனால்டி கொடுக்கவில்லை. அர்ஜென்டினா 2-0 என்று ஜெயித்து, தட்டுத் தடுமாறி ஃபைனல் வரை போனது. சோவியத் அணி தன் பிரிவில் கடைசி இடம் பிடித்து ஊருக்குப் போனது. அடுத்த வருஷமே அந்த நாடும் கலைந்துவிட்டது. புகார் சொல்லிக்கொண்டே இருக்க ஆள் இல்லை.

கையால் பந்தைத் தொட்டது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைத் தொட்ட விதம் தீர்மானிப்பதில்லை. தோற்றது யார், அவர்கள் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. சர்வதேசக் கால்பந்தின் பெரிய ஹேண்ட்பால் சண்டைகளை அலசினால் இது பளிச்சென்று தெரியும். நம் ஊர்ச் சண்டைகளிலும் இதே கதைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் 1986. ஜூன் 22, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் கால் இறுதி. அங்கே நண்பகல், இங்கே தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நள்ளிரவு நெருங்கும் நேரம். 51வது நிமிஷத்தில் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் தவறி உதைத்த பந்து அவர்கள் கோல் பக்கமே உயரே எழும்பியது. கோல்கீப்பர் ஷில்டன் குத்த வந்தார். அவரைவிடக் குள்ளமான மரடோனா அவருக்கு முன்னால் இடது கையால் குத்திவிட்டார். துனீசிய நடுவர் பென்னசூர் துணை நடுவரைப் பார்த்தார். பல்கேரியாவின் தோச்செவ் கொடியைத் தூக்கவில்லை. கோல். இருவரும் பிற்பாடு பல வருஷம் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். "கொஞ்சம் மரடோனாவின் தலை, கொஞ்சம் கடவுளின் கை" என்று மரடோனா சொன்னதை உலகமே இன்றும் சொல்கிறது. அடுத்த நான்கு நிமிஷத்தில் அவர் போட்ட இரண்டாவது கோல் வேறு கணக்கு.

இங்கிலாந்து இந்தக் காயத்தை ஆற விடவே இல்லை. ஆனால் அதே ஆட்டத்தில் டெர்ரி ஃபென்விக் மரடோனாவின் முகத்தில் முழங்கையால் இடித்ததைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? அவர் கடைசி வரை களத்தில்தான் இருந்தார். முழங்கை முகத்தில் பட்டால் அது முரட்டு ஆட்டம். விரல் பந்தில் பட்டால் அது மோசடி. இந்தத் தரம்பிரிப்பு எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 1966 உலகக் கோப்பை ஃபைனலில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். துணை நடுவர் பஹ்ராமோவ் கோல் என்றார், இங்கிலாந்து கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று லண்டனில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அர்ஜென்டினாக்காரர்களுக்கு நியாயம் வேறு மாதிரி. 1982 ஃபாக்லாந்து போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. அந்தக் கை அவர்களுக்குக் கணக்குத் தீர்த்த கை. இதில் லாபம் பார்த்தவர்களும் உண்டு: ஆட்டம் முடிந்து மரடோனாவிடம் மாற்றி வாங்கிய சட்டையை ஹாட்ஜ் 2022 மே மாதம் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு விற்றார். அதே நவம்பரில் நடுவர் பென்னசூர் தன்னிடம் இருந்த பந்தை 20 லட்சம் பவுண்டுக்கு விற்றார். தப்பாகக் கொடுத்த கோலுக்கு இப்படி ஓர் ஓய்வூதியம்.

அந்த கோலுக்காக மரடோனாவை ஸ்காட்லாந்து கொண்டாடியது. பக்கத்து வீட்டுக்காரன் அடி வாங்கினால் வருகிற சந்தோஷம்தான். ஆனால் ஸ்காட்லாந்தின் சொந்தக் கணக்கைப் பாருங்கள். 1977 அக்டோபர் 12, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் வேல்ஸுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். வேல்ஸ் பெனால்டிப் பெட்டிக்குள் வந்த நீண்ட த்ரோவுக்கு ஸ்காட்லாந்தின் ஜோ ஜோர்டானும் வேல்ஸின் டேவிட் ஜோன்ஸும் எம்பினார்கள். பந்து ஒரு கையில் பட்டது. பட்டது ஜோர்டான் கையில். பிரெஞ்சு நடுவர் வுர்ட்ஸ் பெனால்டி கொடுத்ததோ ஸ்காட்லாந்துக்கு! மேசன் அதைக் கோலாக்கினார், டால்கிலிஷ் இன்னொன்று போட்டார், 1978 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்து போனது. 1958க்குப் பிறகு வேல்ஸ் மறுபடி உலகக் கோப்பையில் கால் வைத்தது 2022ல். மரடோனாவாவது தன் கையால் தானே கோல் போட்டார். இங்கே தன் கைக்கு அடுத்தவன் தண்டனை வாங்கினான். எது பெரிய ஏமாற்று? ஆனால் வேல்ஸைத் தாண்டினால் இந்தக் கதை தெரிந்தவர்கள் குறைவு. சின்ன நாட்டின் புலம்பல் எவ்வளவு தூரம் போகும்?

பெங்களூருக்கு வருவோம். அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதிக்கு மினி பிரேசில் என்றே பெயர். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் மஞ்சளும் பச்சையும். பிரேசில் ரசிகர்களிடம் மரடோனா பேச்சை எடுத்தால் "கையால கோல் போட்டவன்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிலுக்கு 1995ஐ எடுத்து வைக்கலாம். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவில் கால் இறுதி. அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலையில் இருக்கிறது. 81வது நிமிஷம், பிரேசிலின் துலியோ வந்த பந்தைக் கையில் வாங்கி நிறுத்தி, அப்புறம் உதைத்துக் கோலாக்கினார். பெரு நாட்டு நடுவர் தெஹாதா கவனிக்கவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் பிரேசில் ஜெயித்தது. அன்றைக்கு "அநியாயம்" என்று கத்தியது அர்ஜென்டினா. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மெக்சிகோ அவர்களுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

2010 உலகக் கோப்பையில் ஐவரி கோஸ்டுக்கு எதிராக பிரேசிலின் லூயிஸ் ஃபேபியானோ போட்ட கோலில் பந்து கையில் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை பட்டது. பிரெஞ்சு நடுவர் லன்னுவா சிரித்துக்கொண்டே தன் கையைத் தொட்டுக் காட்டி அவரிடம் விசாரித்தது டிவியில் தெரிந்தது. பிரேசிலில் அதை அழகான கோல் என்றார்கள். 2016 கோபாவில் பெருவின் ருய்தியாஸ் கையால் தட்டிய ஒரு கோலில் பிரேசிலே வெளியேறியபோது நாடு கொதித்தது. பயிற்சியாளர் துங்காவுக்கு வேலை போனது.

கௌதமபுரத்தை மட்டும் சொல்வானேன். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும்.

"அண்ணே, ஹேண்ட்ஸ்! கை பட்டுச்சு!"

"தோள்லடா பட்டுச்சு. கண்ணு தெரியலையா?"

பத்து நிமிஷம் கழித்து அந்தப் பக்கம் பட்டால் வசனம் அப்படியே ஆள் மாறும். விதிப்புத்தகத்தில் இதற்குத் துல்லியமான எல்லை உண்டு: அக்குளின் அடிப்பக்கத்துக்கு நேரே ஒரு கோடு, அதற்கு மேலே பட்டால் தோள், கீழே பட்டால் கை. அந்தக் கோடு தன் அணிக்காரனுக்கு எப்போதும் இரண்டு அங்குலம் இறங்கிவிடுகிறது.

சரி, ஃபிரான்ஸின் தியரி ஹென்றி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இரட்டை நியாயம் அதில் அடுக்கடுக்காக இருக்கிறது. 2009 நவம்பர் 18, பாரிஸ், ஃபிரான்ஸும் அயர்லாந்தும் மோதிய, உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்கான கடைசிக் கட்ட பிளே ஆஃப். எக்ஸ்ட்ரா டைமில் எல்லைக்கு வெளியே போகவிருந்த பந்தை ஹென்றி இடது கையால் தட்டி அடக்கி, கல்லாஸுக்குக் கொடுத்தார். கோல். ஃபிரான்ஸ் தென்னாப்பிரிக்காவுக்கு, அயர்லாந்து வீட்டுக்கு. ஆட்டம் முடிந்ததும் ஹென்றி புல்தரையில் அயர்லாந்தின் ரிச்சர்ட் டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கை பட்டது உண்மை, ஆனால் நான் நடுவர் இல்லையே என்றார் வெளியே வந்து.

அயர்லாந்து மறுஆட்டம் கேட்டது. ஃபிஃபா மறுத்தது. சரி, 33வது அணியாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அதையும் ஃபிஃபா தலைவர் பிளாட்டர் மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தார். மறுஆட்டத்துக்கு முன்னுதாரணமே இல்லையா என்றால் இருக்கிறது. 2005ல் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனை 1-0 என்று ஜெயித்த ஆட்டத்தை ஃபிஃபா ரத்து செய்து திரும்ப நடத்தியது. அங்கே உஸ்பெகிஸ்தான் பெனால்டி அடிக்கும்போது அவர்கள் ஆட்டக்காரர் முன்கூட்டியே பெட்டிக்குள் ஓடிவிட்டார். திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டிய ஜப்பான் நடுவர், எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அதாவது நடுவர் விதியையே தப்பாகப் பிரயோகித்தார். ஹென்றி விஷயத்தில் நடுவருக்கு விதி தெரியும், கைதான் கண்ணில் படவில்லை. பார்க்கத் தவறியதற்கு மறுஆட்டம் கிடையாது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இந்த வித்தியாசம்தான் இன்றைக்கும் நடைமுறை. (மறுஆட்டத்தில் ஜெயிக்க முடியாமல் உஸ்பெகிஸ்தான் வெளியே போனது தனிச் சோகம். முதலில் ஜெயித்ததும் அவர்கள்தான், புகார் கொடுத்ததும் அவர்கள்தான்.)

அயர்லாந்து அழுதுகொண்டிருந்தபோது குறுக்கே பேசியவர் அவர்களுடைய பழைய கேப்டன் ராய் கீன். இதே தகுதிச் சுற்றில் டப்ளினில் ஜார்ஜியாவுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்த நமக்கு, யாருக்கும் புரியாத ஒரு ஹேண்ட்பாலுக்குப் பெனால்டி கிடைத்ததே, அப்போது ஜார்ஜியாவுக்கு மறுஆட்டம் தரச் சொல்லி யாராவது கேட்டோமா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். 2015ல் இன்னொன்று வெளியே வந்தது: வழக்குப் போடாமல் இருக்க ஃபிஃபா அயர்லாந்து சங்கத்துக்கு 50 லட்சம் யூரோ கொடுத்திருந்தது. கடன் என்று எழுதிய தொகை, பிறகு தள்ளுபடியும் ஆனது. ஜார்ஜியாவுக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை.

எட்டு மாசம்கூட ஆகவில்லை, 2010 ஜூலை 2, ஜோஹன்னஸ்பர்க். கானா, உருகுவே கால் இறுதி 1-1. எக்ஸ்ட்ரா டைமின் கடைசி மூச்சில் கானாவின் அதியா முட்டிய பந்து கோலுக்குள் போகிறது, உருகுவேயின் சுவாரஸ் கோட்டில் நின்று இரண்டு கையாலும் தள்ளிவிடுகிறார். ரெட் கார்டு, பெனால்டி. கானாவின் அசமோவா ஜியான் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டது. சுவாரஸ் வெளியே போகும் வழியில் துள்ளிக் குதித்தார். உருகுவே ஷூட் அவுட்டில் ஜெயித்தது; ஆப்பிரிக்காவின் முதல் அரை இறுதி வாய்ப்பு போனது.

இதில் மறைத்தல் எதுவுமே இல்லை. நடுவர் பார்த்தார், விதியில் இருந்த தண்டனை எல்லாவற்றையும் கொடுத்தார். அதனால் இது ஏமாற்றே இல்லை, விலை கொடுத்து வாங்கியது என்று ஒரு கட்சி. எனக்கு அதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதி என்னவென்றால், அந்த விலையே மலிவு. ரக்பியில் இப்படி நிச்சயமான ஸ்கோரைத் தடுத்தால் பெனால்டி ட்ரை என்று புள்ளியையே கொடுத்துவிடுவார்கள். கூடைப்பந்தில் கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டினால் விழுந்ததாகவே கணக்கு. கால்பந்து மட்டும் உள்ளே போன மாதிரியான கோலுக்குப் பதிலாக ஒரு வாய்ப்பைக் கையில் கொடுக்கிறது. 2022 டிசம்பரில் இதே இரண்டு அணிகளும் மறுபடி மோதியபோது, பெனால்டியைத் தவறவிட்டது நானா, நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் சுவாரஸ். உருகுவே 2-0 என்று ஜெயித்தது, ஆனாலும் தென்கொரியா போர்ச்சுகலைத் தோற்கடித்ததால் வெளியேறியது. பெஞ்சில் சுவாரஸ் அழுதார். தாங்களும் வெளியேறியதை மறந்து கானா ரசிகர்கள் அதை ரசித்தார்கள்.

மலிவு விலை பற்றிச் சொல்லும்போது கியெல்லினியையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலை 11, வெம்ப்ளி, யூரோ ஃபைனல், கடைசி நிமிஷங்கள். இங்கிலாந்தின் இளம் வீரர் சாக்கா தாண்டி ஓடப் பார்த்தார். இத்தாலிக் கேப்டன் கியெல்லினி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தோடு இழுத்துச் சாய்த்தார். மஞ்சள் கார்டு. அந்தப் படம் மீமாகச் சுற்றியது, "அனுபவம்னா இதுதான்" என்ற பாராட்டோடு. அதுவும் கைதானே? பந்தைத் தொட்ட ஹென்றிக்குக் காலத்துக்கும் கெட்ட பெயர், கழுத்தைப் பிடித்தவருக்குக் கைதட்டல்.

இதையெல்லாம் தொழில்நுட்பம் தீர்த்துவிடும் என்றுதான் நினைத்தோம். 2018 உலகக் கோப்பைக்கு வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை, வந்தது. 2019ல் விதியை இறுக்கினார்கள்: தெரியாமல் கையில் பட்டுப் போன கோலும் செல்லாது. தாக்கும் அணியில் யார் கையில் பட்டாலும் கோல் ரத்தாகி எரிச்சல் கிளம்பியதும், 2021ல் கோல் போட்டவர் கைக்கு மட்டும் என்று தளர்த்தினார்கள். தடுப்பவர்கள் விஷயத்தில் கேள்வி இப்போது வேண்டுமென்றே தொட்டாரா என்பதோடு நிற்பதில்லை. கையை நீட்டி உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கினாரா என்றும் பார்க்க வேண்டும். எது இயல்பு? அங்கேதான் சண்டை குடிபோனது.

2024 யூரோவில் ஜெர்மனிக்கு நடந்ததைப் பாருங்கள். ஜூன் 29, டென்மார்க்குடன் ஆட்டம். பந்துக்குள் வைத்த சென்சார், டென்மார்க்கின் ஆண்டர்சன் விரலில் அது உரசியதைத் திரையில் கிரிக்கெட் ஸ்னிக்கோ மாதிரிக் கோடாக வரைந்து காட்டியது. பெனால்டி, ஹாவர்ட்ஸ் கோல். கொஞ்சம் முன்னால்தான் அதே ஆண்டர்சன் போட்ட கோலைக் கால்விரல் அளவு ஆஃப்சைடு என்று ரத்து செய்திருந்தார்கள். விதி விதிதான் என்று ஜெர்மன் ரசிகர்கள் தோளைக் குலுக்கினார்கள். ஆறே நாளில், ஜூலை 5, ஸ்டுட்கார்ட். முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குகுரெல்லா கையில் நன்றாகவே பட்டது. கை கீழே தொங்கியபடி இருந்ததால் நடுவர் ஆண்டனி டெய்லர் பெனால்டி தரவில்லை. ஸ்பெயின் 2-1 என்று ஜெயித்தது. ஜெர்மனியில் பூகம்பம். அடுத்த ஆட்டத்தில் குகுரெல்லா பந்தைத் தொட்டபோதெல்லாம் கேலரி ஊளையிட்டது. அது பெனால்டிதான் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் நடுவர் குழுவே ஒப்புக்கொண்டதாக செப்டம்பரில் செய்தி வந்தது, யாருக்கு என்ன லாபம்?

ஜெர்மனியின் இந்தப் புலம்பலைப் பற்றி அமெரிக்காவிடம்தான் கேட்க வேண்டும். 2002 உலகக் கோப்பைக் கால் இறுதியில் அமெரிக்காவின் பெர்ஹால்டர் அடித்த பந்து கோல் கோட்டில் ஜெர்மனியின் ஃபிரிங்ஸ் கையில் பட்டு நின்றது. விசில் இல்லை, ஜெர்மனி 1-0. கால்பந்தில் அமெரிக்காவின் குரல் அப்போது யார் காதிலும் விழாத குரல்.

இப்போது நம் ஊர். 2023 மார்ச் 3, கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக் அவுட்டில் பெங்களூரும் கேரளா பிளாஸ்டர்ஸும். எக்ஸ்ட்ரா டைமில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, எதிரணி சுவர் கட்டி முடிப்பதற்குள், கோல்கீப்பர் தயாராவதற்குள் சுனில் சேத்ரி அடித்து உள்ளே அனுப்பிவிட்டார். கை எதுவும் படவில்லை. நடுவர் விசில் வரும்வரை பொறு என்று சொல்லாத வரைக்கும் வேகமாக அடிக்க விதியில் இடம் உண்டு. சொன்னாரா இல்லையா என்பதுதான் தகராறு. கேரளா பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். மறுஆட்டம் கேட்ட கேரளாவின் மனுவை இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தள்ளியது, 4 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. இங்கே நாமெல்லாம் ஒரே குரலில் சொன்னது: நடுவர் சொன்னால் சொன்னதுதான், விசில் வரும்வரை ஆட வேண்டும், அழக் கூடாது.

அந்தத் தத்துவம் பதினைந்து நாள் தாங்கியது. மார்ச் 18 ஃபைனலில் மோகன் பகானுக்கு இரண்டு பெனால்டி. முதலாவது நம் அணியின் ராய் கிருஷ்ணா கையில் பட்டதற்கு, இரண்டாவது பெட்டிக்கு வெளியே நடந்த ஃபவுல் என்று நாம் சாதித்தது. ஷூட் அவுட்டில் தோற்றதும் பெங்களூர் அணி உரிமையாளரே வி.ஏ.ஆர். வேண்டும், இப்படிப்பட்ட முடிவுகள் பெரிய ஆட்டங்களைக் கொல்கின்றன என்று எழுதினார். ஜூனில் அதே கண்டீரவாவில் பாகிஸ்தான் ஆட்டக்காரர் த்ரோ போட இருந்தபோது, கோட்டோரம் நின்ற இந்தியப் பயிற்சியாளர் ஸ்டிமாச் பின்னாலிருந்து கையால் பந்தைத் தட்டிவிட்டு ரெட் கார்டு வாங்கினார். தேவைப்பட்டால் மறுபடியும் செய்வேன் என்றார் மறுநாள். கேலரிக்கு அவர் அன்றைக்கு ஹீரோ. அதைக் கத்தார் பயிற்சியாளர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

கத்தார் என்றதும் 2024 ஜூன் 11 வந்துவிடும். தோஹாவில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, இந்தியா 1-0 என்று முன்னிலை. 73வது நிமிஷம் பந்து கோல் கம்பத்தின் ஓரமாக எல்லையைத் தாண்டிவிட்டது. கேப்டனும் கோல்கீப்பருமான குர்பிரீத் சிங் சந்து, ஆட்டம் நின்றது என்று நினைத்தார். கத்தார் வீரர் ஒருவர் பந்தை உள்ளே இழுத்துப் போட, யூசுஃப் அய்மன் தட்டிக் கோலாக்கினார். விசில் வரவில்லை. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. கத்தார் 2-1 என்று ஜெயித்தது, இந்தியா வெளியே. குர்பிரீத் பெங்களூர் அணியின் கோல்கீப்பரும்கூட. முந்தைய வருஷம் சேத்ரி அந்த ஃப்ரீ கிக்கை அடித்தபோது மறுமுனையில் நின்றவர் அவர்தான்.

கேரளாவின் மறுஆட்ட மனுவைத் தள்ளிய அதே சம்மேளனம் இப்போது ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் கடிதம் எழுதியது: முழு விசாரணை வேண்டும், இந்த அநீதிக்கு ஈடு செய்ய வழி பாருங்கள் என்று. ஸ்கோர் 2-1 என்றே நின்றது. கத்தார் அடுத்த சுற்றுக்குப் போனது.